காற்புள்ளிகள் காணாமல் போன தாள்

“கவரைப் பிரிச்சது யாரு?”

“நான்தான் சார்.”

“அரக்கு?”

“முழுசா இருந்தது. நிர்வாக அதிகாரியும் பார்த்தாரு, கம்பெனி அம்மாவும் பார்த்தாங்க.”

“உள்ளே?”

“தாள் இருந்தது.” டீச்சர் கவரை மேஜைமேல் வைத்தாள். “தாள் மட்டும்தான் சார் இருந்தது. அதுல நான் போட்ட காற்புள்ளி ஒண்ணுகூட இல்லை.”

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பதவி உயர்வுப் பரீட்சைக்காக இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாலை வகுப்பின் முன் பெஞ்சில் உட்கார்ந்து, அவளிடம் இங்கிலீஷ் இலக்கணம் கற்றுக்கொள்கிறவர் அவர். அங்கே அவள் கேட்பாள், அவர் விழிப்பார். இன்றைக்கு விழிப்பது அவள் முறை.

“இதென்ன டீச்சர், எறும்பா, ஊர்ந்து போறதுக்கு?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்,” என்றது வாசலில் இருந்து ஒரு குரல். நிர்வாக அதிகாரி. இடுப்பில் எப்போதும் சாவிகள் குலுங்குவதால், அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைச் சாவிக்கொத்து என்பார்கள். “காற்புள்ளி எங்கேயும் ஓடிப்போகலை. யாரோ தாளையே மாத்தி வெறும் தாளை உள்ளே வெச்சிருக்காங்க. நிஜத் தாள் இந்நேரம் எந்த நர்ஸ் கையில இருக்கோ. பத்து மணிக்குப் பரீட்சை. அதுக்குள்ள யாருன்னு தெரியலைன்னா கம்பெனிக்காரங்க பெட்டியைக் கட்டிடுவாங்க. டீச்சருக்கு வேலை போகும். டீச்சரோட தங்கச்சி இனிமே இங்க எந்தப் பரீட்சையும் எழுத முடியாது. இது நான் சொல்லலை, மேலிடம் சொல்லுது.”

சுவர்க் கடிகாரம் ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் அதையே பார்த்தபடி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அது நர்ஸுகளுக்கான பயிற்சிக் கழகம். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வந்திருந்தது. இன்றே எழுதி, இன்றே திருத்தி, மாலைக்குள் தேறியவர்களின் பெயரைப் படித்துவிட்டு அவர்கள் கிளம்பிவிடுவார்கள். மிச்சமிருந்தது இங்கிலீஷ் பரீட்சை ஒன்றுதான். அதில் எல்லோரையும் கவிழ்ப்பது கடைசிப் பகுதியான அப்பாசிட்டிவ்.

ஒரு பெயருக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டு, அதே ஆளை வேறு வார்த்தையில் சொல்லும் இன்னொரு பெயர். அதுதான் அப்பாசிட்டிவ். ‘என் அண்ணன், ஊர் சுற்றி, நேற்று வந்தான்’ என்றால் அந்த ஊர் சுற்றிதான் அது. இதைச் சொல்லிக்கொடுக்க டீச்சர் ஒரு வழி வைத்திருந்தாள். “விரலால மூடிப் பாருங்க. மூடின பிறகும் யாரைச் சொல்றோம்னு தெரியுதா? அப்ப அது உபரிச் சேதி. ரெண்டு பக்கமும் காற்புள்ளி போடுங்க. தெரியலையா? அப்ப அது உபரி இல்லை, காற்புள்ளி போடாதீங்க.” இன்ஸ்பெக்டர் முதல் காற்புள்ளியைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிற ரகம். “கதவைத் திறந்தீங்க, யாரு சார் மூடுவாங்க?” என்று போன வாரம்கூட அவள் கேட்டிருந்தாள்.

கேள்வித்தாளில் வாக்கியங்கள் காற்புள்ளியே இல்லாமல் மொட்டையாக அச்சாகியிருக்கும். எழுதுகிறவர்கள் பேனாவால் போட வேண்டும். நூற்றுச் சொச்சம் பேருடையதை மதியத்துக்குள் திருத்துவது சாமானியமா? அதற்காக டீச்சர் ஒரு கண்ணாடித் தாள் செய்வாள். நிறமில்லாத பிளாஸ்டிக் தாளைக் கேள்வித்தாளின் மேல் வைத்து, மூலைகளில் குண்டூசியால் குத்தி, நகராமல் பிடித்துக்கொள்வாள். சரியான இடங்களில் அழியாத சிவப்பு மார்க்கரால் காற்புள்ளி போடுவாள். பிறகு அதை ஒவ்வொரு விடைத்தாளின் மேலும் வைத்தால் போதும், சரியும் தப்பும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இன்று காலை கவரைப் பிரித்தபோது அந்தத் தாள்தான் குழந்தையின் நெற்றிபோல் வெறுமையாக இருந்தது.

“நேத்து சாயந்திரம் நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுங்க டீச்சர்.”

சொன்னாள். இதே அறையில் உட்கார்ந்து காற்புள்ளிகளைப் போட்டாள். சரிபார்த்தாள். காய்ந்ததும் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்துக் கவருக்குள் போட்டாள். கவரை மேஜைமேலேயே வைத்துவிட்டு முத்திரை வாங்க மாடிக்குப் போனாள். சாவிக்கொத்து போனில் பேசிக்கொண்டிருந்தார், வெகுநேரம் நிற்க வைத்துவிட்டார். முத்திரையோடு திரும்பி வந்து, அரக்கை உருக்கிக் கவரின் வாயில் ஊற்றி, குத்தி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியும் முத்திரையும் திரும்ப மாடிக்குப் போயின.

“அரக்கு வைக்கும்போது தாளை வெளியே எடுத்துப் பார்த்தீங்களா?”

“இல்லை சார். அதான் சரிபார்த்து உள்ளே வெச்சாச்சே.”

“ஏதாவது வித்தியாசமா இருந்ததா? சத்தம், வாசனை?”

“ஒண்ணும் இல்லை.”

“நீங்க மாடியில நின்னப்ப இந்த ரூம்ல யாரு?”

இந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தாள்.

“நான் கிளம்பறப்ப டைப்பிஸ்ட் இருந்தாரு. அப்புறம், என் தங்கச்சி. டியூட்டி முடிஞ்சு எனக்குப் பிளாஸ்க்ல டீ கொண்டு வந்தா. என் தங்கச்சி, வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போகப்போறவ.”

“அதை முதல்ல சொல்லுங்க,” என்று சாவிகள் குலுங்கின.

“நீங்களே அப்பாசிட்டிவ்ல பேசறீங்களே டீச்சர்,” என்றார் இன்ஸ்பெக்டர். அவளை லேசாகச் சிரிக்க வைக்கப் பார்த்தார் போலிருக்கிறது. அவளால் முடியவில்லை. தங்கையை அவள் வேறெப்படியும் சொல்லிப் பழகவில்லை. மளிகைக் கடையில், வீட்டுக்காரரிடத்தில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடத்தில்கூட அப்படித்தான். என் தங்கச்சி, வெளிநாட்டுக்குப் போகப்போறவ.

“சார், அவ திருடமாட்டா. திருட அவளுக்கு அவசியமே இல்லை. என்கிட்ட படிச்சவங்கள்லயே அவளுக்குத்தான் எல்லாம் தெரியும். அதிர்ஷ்டம்தான் இல்லை. போன தடவை பரீட்சை அன்னைக்குக் காய்ச்சல். அதுக்கு முந்தின தடவை ஹால்டிக்கெட்டை வீட்டிலேயே மறந்துட்டுப் போயிட்டா. இதை விட்டா வயசு தாண்டிடும், அப்புறம் எடுக்கமாட்டாங்க. கடைசி வாய்ப்பு சார். இதுல போய் அவ கை வைப்பாளா?”

“அவளுக்கு இங்க நடக்கிறது தெரியுமா?”

“தெரியாது. எட்டு மணிக்கே எல்லாரையும் ஹால்ல உக்கார வெச்சுப் போனை வாங்கியாச்சு.”

இன்ஸ்பெக்டர் தாளை விளிம்பில் பிடித்து எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். போகிற வழியில் இடது தோளைத் தேய்த்துக்கொண்டார்.

“ஆணி ஏறிடுச்சு, காலைல ஊசி,” என்றார் யாரும் கேட்காமலே. “அந்த நர்ஸம்மா குத்தினது ஒரு நொடி, துடைச்சது ஒரு யுகம்.”

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது டீச்சருக்கும் தெரிந்தது. தாள் முழு வெறுமை இல்லை. நீர்த்துளி காய்ந்த தடம்போல அங்கங்கே வெளிறிய இளஞ்சிவப்பு வளையங்கள். அவள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அவள் கண்ணெல்லாம் கடிகாரத்தின் மேல் இருந்தது.

டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டார்கள். ஓய்வுக்குக் காத்திருக்கும் மனிதர், உலகத்தின் மேலேயே சலிப்பு.

“நேத்து டீச்சர் மாடிக்குப் போனப்ப நீங்க எங்கே?”

“பின்னாடியே கிளம்பிட்டேன் சார். அந்தப் பிளாஸ்க்ல எனக்குப் பங்கு இல்லைன்னு தெரிஞ்ச உடனே.”

“யார் சாட்சி?”

“பஸ்தான். ஆனா அது நான் நிக்கறப்பவே வராது, நீங்க கூப்பிட்டாலா வரப்போகுது?”

“உங்க மேஜைமேல இருக்கற பாட்டில்?”

“தின்னர். ஒயிட்னர் கெட்டியாயிட்டா ரெண்டு சொட்டு விடுவேன்.”

“மார்க்கரை அழிக்குமா?”

“பெயிண்ட்டையே அழிக்கும்,” என்று சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. முகத்தில் இருந்த சலிப்பு முதல் தடவையாக இறங்கியது. சாவிக்கொத்து ஒரு அடி முன்னால் வந்தார்.

இன்ஸ்பெக்டர் அவசரப்படவில்லை. இன்னொரு கண்ணாடித் தாளை வாங்கி, அதே மார்க்கரால் இரண்டு காற்புள்ளி போட்டு, ஊதிக் காய வைத்தார். ஈரக் கைக்குட்டையால் ஒன்றைத் தேய்த்தார். அது அசையவில்லை. இன்னொன்றின் மேல் தின்னரை விட்டார். காற்புள்ளி போனது. கூடவே அந்த இடத்தில் பிளாஸ்டிக் பால்போல வெளுத்து மங்கிவிட்டது.

“நம்ம தாள் கண்ணாடி மாதிரி இருக்கு,” என்றார். “இது தின்னர் வேலை இல்லை. நீங்க போய் உக்காருங்க.”

டைப்பிஸ்ட் உட்காரவில்லை. பாட்டிலை எடுத்து டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

“டீச்சர், நேத்து அடியில வெச்சுப் போட்டீங்களே, அந்தக் கேள்வித்தாள் எங்கே?”

சாவிக்கொத்து அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதன்மேல் கண்ணாடித் தாளை வைத்து மூலைகளைத் தடவினார். வலது மூலையில் ஒரு ஓட்டை. இடது மூலையில் இரண்டு, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல.

“இங்க ஏன் ரெண்டு?”

“குண்டூசி வழுக்கிடுச்சு. திரும்பக் குத்தினேன்.”

மேலே இருந்த ஓட்டைகள் கீழே இருந்த ஓட்டைகளின்மேல் அச்சாகப் பொருந்தின. இன்ஸ்பெக்டர் குண்டூசியை விட்டுப் பார்த்தார், தடங்கல் இல்லாமல் இறங்கியது.

“தாளை யாரும் மாத்தலை. இது டீச்சர் செஞ்ச அதே தாள். போட்டதை அழிச்சிருக்காங்க, அவ்வளவுதான். விடை வேணும்கிறவன் ஒரு படம் எடுத்துட்டுத் தாளை இருந்த மாதிரியே வெச்சிருப்பான். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அவனுக்குப் பரீட்சை நடக்கணும். இதைச் செஞ்சவங்களுக்குப் பரீட்சை நடக்கவே கூடாது. விடை வெளியே போகலைன்னு கம்பெனி அம்மாகிட்ட சொல்லுங்க. டீச்சர் வேற தாள் செஞ்சுடுவாங்க.”

“யாரு செஞ்சதுன்னு கேப்பாங்களே?”

“அதையும் சொல்றேன். நீங்க போய் அவங்க பெட்டியைக் கட்டாம பாத்துக்குங்க.”

சாவிகள் படியிறங்கிப் போயின. டைப்பிஸ்ட்டும் மெல்ல நழுவினார். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்ப என் தங்கச்சி இல்லை சார். பரீட்சை நடக்கக் கூடாதுன்னு நினைக்கறவ அவ இல்லையே. இதுக்காகத்தானே நாங்க இத்தனை நாளா...”

இன்ஸ்பெக்டர் மறுபடி ஜன்னலுக்குப் போனார். ஜன்னல் கண்ணாடிமேல் தாளை ஒட்டினாற்போல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“இங்க வந்து பாருங்க டீச்சர். ஒவ்வொரு காற்புள்ளி இருந்த இடத்துலயும் ஒரு வட்டம். சாதாரண ஆளு ஒரு கறையை எப்படித் துடைப்பான்? இப்படி, முன்னும் பின்னும். இது அப்படி இல்லை. நடுவுல ஆரம்பிச்சுச் சுத்திச் சுத்தி வெளியே போகுது. போன இடத்துக்குத் திரும்பி வரவே இல்லை. இதை இன்னைக்குக் காலைலதான் பார்த்தேன், என் தோள்ல.” சட்டைக் கையை ஏற்றி, பிளாஸ்திரியைச் சுற்றி விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். “ஏம்மா இப்படிச் சுத்தறேன்னு கேட்டேன். ‘திரும்பி வந்தா வெளியே இருக்கற அழுக்கு உள்ளே வந்துடும் சார். முதல் வருஷமே கையில ஊறிடும், இனிமே மேஜையைத் துடைச்சாக்கூட எங்களுக்கு இப்படித்தான் வரும்’னு சொன்னாங்க. அழிச்சது ஸ்பிரிட். தின்னர் மாதிரி அது பிளாஸ்டிக்கை வெளுக்காது. நீங்க திரும்பி வந்தப்ப ரூம்ல அந்த வாசனை அடிச்சிருக்கணும். உங்களுக்கு ஏன் தெரியலை?”

அவளுக்குத் தெரிந்தது. தங்கை வந்தாலே அந்த வாசனைதான். சேலையில், தலையணையில், தண்ணீர்ச் சொம்பில்கூட. அது ஸ்பிரிட் என்பதே அவளுக்கு மறந்துபோய், வீட்டின் வாசனை ஆகி வெகுநாளாயிற்று. இன்ஸ்பெக்டர் போட்ட வட்டத்தையும் அவளுக்குத் தெரியும். சமையலறை பெஞ்சில் உட்கார வைத்து, “கையை ஆட்டாதேக்கா” என்று அதட்டி, அவளுடைய கையில்தான் தங்கை முதல் வருஷம் முழுக்கப் பழகினாள். ஈரமான சில்லிப்பு, நடுவில் தொடங்கி விரிந்து விரிந்து போகும்.

“நான்தான் சார் துடைச்சேன்,” என்றாள்.

“டீச்சர்.”

“நான்தான். அவ போயிட்டா நான் தனியா இருக்கணுமேன்னு. எழுதிக்குங்க.”

“டீச்சர், வகுப்புல முன் பெஞ்ச்ல உக்கார்றவன் நான். நீங்க போர்டை மேலேயிருந்து கீழே இழுத்துத்தான் துடைப்பீங்க. சாக்பீஸ் தூள் முழுக்க என் தலையிலதான். உங்க கைக்கு வட்டம் வராது.” அவர் வாசலில் நின்ற போலீஸ்காரியைப் பார்த்தார். “ஹால்ல இருந்து டீச்சரோட தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க.”

தங்கை வந்தாள். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் ஹால்டிக்கெட். அக்காவின் முகத்தைப் பார்த்தாள், ஜன்னலில் இருந்த தாளைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே நின்றாள்.

“உங்க அக்காவுக்கு வேலை போற மாதிரி ஆயிடுச்சும்மா,” என்றார் இன்ஸ்பெக்டர். “திருட்டுப் பட்டம் வேற.”

“அக்காவுக்கா?” அவள் அக்கா பக்கம் திரும்பினாள். “எதுக்கு? மார்க்கர் சரியில்லைன்னு நினைப்பாங்க, திரும்பச் செய்ய நேரம் இருக்காது, பரீட்சை நின்னுடும், கம்பெனி போயிடும்னுதான்... சார், அக்காவை யாரு சந்தேகப்படுவாங்க? ஒரு சாக்பீஸ்கூட வீட்டுக்கு எடுத்துட்டு வரமாட்டாளே.”

“ஏண்டி?” டீச்சரின் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. “எழுத இஷ்டமில்லைன்னா தப்பா எழுதித் தொலைக்கறதுதானே?”

“உன்கிட்டயா? என் ஒவ்வொரு காற்புள்ளியும் உனக்குத் தெரியும். நான் தப்பா போட்டா, வேணும்னு போட்டதுன்னு பார்த்த உடனே கண்டுபிடிச்சுட மாட்டியா?”

“அப்ப அந்தக் காய்ச்சல்?”

“காய்ச்சல் நிஜம்தான். முந்தின ராத்திரி ஈரத் தலையோட மொட்டை மாடியில நின்னேன்.” தங்கை கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள். “அன்னைக்குச் சொன்னேனே, எனக்குப் போக வேண்டாம்னு. காய்ச்சல்ல உளர்றேன்னு நெத்தியில ஈரத்துணி போட்ட. எனக்கு இங்க தீக்காய வார்டு இருக்குக்கா. நான் கட்டு மாத்தினாத்தான் அழாம இருக்கற பேஷண்ட் ரெண்டு பேரு இருக்காங்க. உனக்கு அது வேலையாவே தெரியலை.”

“ரெண்டு ரூமு, ஒரு ஜன்னல். ஒருத்தியாவது இதை விட்டு வெளியே போகட்டும்னுதானே...” என்றாள் டீச்சர். அவளுக்கும் ஒரு காலத்தில் போகிற வாய்ப்பு வந்தது. அப்பா அம்மா இல்லாத வீட்டில் சின்னவளை யாரிடம் விடுவது என்று அந்தக் கடிதத்தை மடித்து வைத்தவள் அவள். அதை இதுவரை சொல்லிக்காட்டியதில்லை. இன்றும் சொல்லவில்லை.

“விரலால மூடிப் பாருன்னு சொல்லுவியே,” என்றாள் தங்கை. “என் பேருக்குப் பின்னாடி நீ ஒட்டி வெச்சிருக்கறதை ஒரு தடவை மூடிப் பாரேன். அப்பவும் நான் யாருன்னு உனக்குத் தெரியுதான்னு பாரேன்.”

கீழே ஹாலில் முதல் மணி அடித்தது. எழுதுகிறவர்கள் அவரவர் இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கான மணி. படிகளில் சாவிகள் குலுங்கும் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. மேஜைமேல் புதிய கண்ணாடித் தாளும் சிவப்பு மார்க்கரும் டீச்சருக்காகக் காத்திருந்தன.

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். “அவர் வந்துடுவாரு. திருட்டு இல்லை, விடை வெளியே போகலை, அது வரைக்கும் நான் சொல்லிடுவேன். மிச்சத்தை உங்க வாயால சொல்லுங்க டீச்சர். இவங்க யாரு, எழுதப் போறாங்களா, வீட்டுக்குப் போறாங்களா?”

டீச்சர் எழுந்து தங்கையின் பக்கத்தில் போய் நின்றாள். ஸ்பிரிட் வாசனை அடித்தது. இப்போது அது தெரிந்தது.

“இவ என் தங்கச்சி,” என்று ஆரம்பித்தாள். பழகிய அடுத்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது.

தங்கை அவள் முழங்கையைத் தொட்டாள்.

“அதோட நிறுத்திக்கோயேன்க்கா.”